மகிளாவுக்கு நான் போட்ட ழகரம்

“இது சார் திருத்தினது. மறக்காதீங்க.” பயன்படுத்தி முடித்த அச்சுத்தாள் ஒன்றின் பின்புறம் அக்காவின் கையெழுத்தில் உள்ள குறிப்பு இது. தேதி இல்லை. வாங்கும் புத்தகத்தில் எல்லாம் தேதி எழுதிவைக்கும் எனக்கு அது ஓர் உறுத்தல். முன்புறத்தில் இடவலம் மாறிய எழுத்துகள் வெளிறிக் கிடக்கின்றன. கண்ணாடியில் காட்டினால் ‘மகிழா’ என்று வாசிக்கலாம்.

லிட்டில் இந்தியாவின் சந்து ஒன்றில் அக்கா கடை வைத்திருந்தார். உலோகக் கைச்சங்கிலிகளில் பெயர் பதித்துக் கொடுப்பார். என்னைவிட இளையவர்தான், சந்து முழுவதும் அக்கா என்றதால் எனக்கும் அக்கா. குமாஸ்தா வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், பிற்பகல்களில் தெம்பனிஸில் உள்ள என் வீட்டிலிருந்து ரயிலேறிப் போய்த் தமிழ்ப் பெயர்களைத் தட்டச்சு செய்து கொடுத்தேன். பெயரைத் தாளில் இடவலம் மாறிய பிம்பமாக அச்சிட்டு, வெள்ளைப் பூச்சுள்ள தகட்டின்மேல் கவிழ்த்து ஒட்டி, சூட்டு இயந்திரத்தில் ஒரு நிமிடம் அழுத்துவார். மை ஆவியாகிப் பூச்சுக்குள் இறங்கிவிடும். பிறகு அழிக்க முடியாது. தாளை உரிக்கும்போது அக்கா மூச்சைப் பிடித்துக்கொள்வார். எழுத்து தெளிவாக வந்திருந்தால், விருந்தாளியை அழைப்பதுபோல் “வாங்க, மீனா” என்பார்.

கப்பல் பட்டறை ஊழியர் ஒருவர் ஊரிலுள்ள மகளுக்காகச் சீட்டில் ‘மகிளா’ என்று எழுதிக் கொடுத்திருந்தார். மகிழ்ச்சியில் வரும் ழகரத்தை அவர் தவறவிட்டுவிட்டதாக நினைத்து, யாரையும் கேட்காமல் திருத்தினேன். விமானம் ஏறும் நாளன்று பையோடு வந்தவர் தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“சார், நான் எழுதிக் குடுத்தது இது இல்லையே.”

கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். நோட்டுப் பக்கம் முழுக்கக் கோணல்மாணலாக மகிளா, மகிளா, மகிளா.

“இப்பதான் பேரு எழுதக் கத்துக்கிட்டா. இதப் பாத்தா, வேற யாருக்கோ வாங்கினதுன்னு தூக்கிப் போட்டுருவா சார்.”

அக்கா என் பக்கம் திரும்பினார். “பேரு என்ன கட்டுரையா, சிவப்பு மையில திருத்த? அது அவங்க பேரு லா!”

குழந்தை அளவில் கடையில் இருந்த சங்கிலி அது ஒன்றுதான். அக்கா தகட்டைப் புரட்டினார். பின்பக்கமும் பூச்சு இருந்தது. ஆனால் மறுபடி சூடேற்றினால் முதலில் பதித்த பெயரின் மை கசிந்து இரண்டும் கெட்டுவிடலாம்.

“கெட்டுப்போனா?” என்றேன்.

“போனா, நீங்களே ஏர்போர்ட் வரைக்கும் போய், பிள்ளைக்கு போன்ல விளக்கம் சொல்லுங்க.”

நான் ளகரத்தோடு அச்சிட்டுத் தந்த தாளைப் பின்பக்கத்தில் ஒட்டி, அடியில் வெற்றுத்தாள் விரித்து அழுத்தினார். ஒரு நிமிடம் ஆனது. தாளை உரித்தார்.

“வாம்மா, மகிளா.”

எழுத்து கறுப்பாக, தெளிவாக வந்திருந்தது. மறுபக்கத்து ழகரம் மட்டும் சற்று மங்கியிருந்தது. மகிளாவின் அப்பா தகட்டை விரலால் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“இது நான் வச்ச பேரு. அது சார் வச்ச பேரு.”

ஏன் ளகரம் என்று அப்போதும் நான் கேட்கவில்லை. அவர் போனதும், அக்கா முதல் தாளின் பின்னால் எழுதி என் கணினிக்கு மேலே ஒட்டினார்.

அக்கா இப்போது மகளோடு பெர்த் நகரத்தில் இருக்கிறார். கடை இருந்த இடத்தில் கைப்பேசி உறைகள் தொங்குகின்றன. மகிளாவின் பெயர் பதித்த அன்று தெருவில் தீபாவளி விளக்குகள் எரிந்ததாக நினைவு. அதைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதி, கேள்விக்குறியும் இட்டிருக்கிறேன். அந்தக் கைச்சங்கிலியின் தகடு கையசைவில் புரளக்கூடியது. அந்தப் பிள்ளையின் மணிக்கட்டில் வெளியே தெரிந்தது எந்தப் பெயர் என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.