பொறுமையானவர் என்று எழுதிய கடிதம்

எங்கள் பகல் பராமரிப்பு நிலையத்துக்கு ஓர் ஆண் உதவியாளர் தேடிக்கொண்டிருந்தபோது வவுனியாப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். கையில் மூன்று கடிதங்கள். ஒன்று கிராம சேவகர் கொடுத்த நற்சான்றிதழ். ஒன்று சமாதான நீதவான் கொடுத்தது. மற்றது அவர் முன்பு வேலை செய்த முதியோர் இல்லத்தின் கடிதம். மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே வசனம்தான். நேர்மையானவர், பொறுமையானவர், குற்றச்செயல் எதிலும் சம்பந்தப்படாதவர். நிலையத்தின் செயலாளர் நான். கடிதங்களை வாசித்தது நான். எடுக்கலாம் என்று சொன்னதும் நான்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு மற்றவர்களைத் திட்டப் போகிறேன்.

நிலையம் அக்கராயனுக்குப் போகும் வழியில் இருக்கிறது. வளர்ந்தும் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடியாதவர்கள் காலையில் வருவார்கள், பின்னேரம் வீட்டுக்குப் போவார்கள். அவர்களில் ஒருவன் என் தம்பி. நாற்பது வயதாகிறது. பேச்சு வராது. சாப்பாடு ஊட்ட வேண்டும், மலசலகூடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும், குளிக்க வார்க்க வேண்டும். நான் வேலைக்குப் போகிறவள் என்பதால் எல்லாம் நிலையத்தில்தான் நடந்தது. ஆண் உதவியாளர் தேவைப்பட்டது அதற்குத்தான்.

கடிதத்தில் இருந்த இலக்கத்துக்கு ஒரு போன் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. கடிதத்தோடு வந்தவரைப் பற்றி விசாரிப்பது எங்கள் பக்கத்தில் அவர் முகத்துக்கு நேரே கள்ளன் என்று சொல்வது மாதிரி. அப்படி ஆனதற்குக் காரணம் இருக்கிறது. சண்டை முடிந்து முகாமிலிருந்து வெளியே வந்தபோது எங்களில் பலரிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. பிறப்புப் பதிவு இல்லை, பள்ளிக்கூடச் சான்றிதழ் இல்லை. முன்பின் தெரியாதவர்கள் 'இவரைப் பல வருடங்களாக அறிவேன்' என்று எழுதிக் கையெழுத்து வைத்து எங்களைக் காப்பாற்றினார்கள். எனக்கு வேலை கிடைத்ததும் அப்படி ஒரு பொய்க் கையெழுத்தால்தான். கையெழுத்துக் கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது பாவம் என்பது அன்றைக்கே எங்களுக்குள் ஊறிவிட்டது.

அவர் வேலைக்கு வந்து ஐந்தாவது மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குத் தலை இழுக்கச் சீப்பைத் தூக்கினேன். அவன் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டான். அம்மா போன நாளிலிருந்து அவனுக்குத் தலை இழுக்கிறவள் நான். அவன் சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். முதுகில் வயரால் அடித்த கோடுகள். காய்ந்தவையும் இருந்தன, புதியவையும் இருந்தன.

இனி அந்த உதவியாளரை அவன் என்றுதான் எழுதுவேன்.

அடுத்தநாள் விடிந்ததும் நிலையத்தில் சமைக்கிற அக்காவைக் குசினிக்குள் மறித்து அவனைப் பற்றிக் கேட்டேன்.

"கொஞ்சம் கை நீட்டுறவர்தான்," என்றா அவா, அரிசி களைந்தபடி.

"ஏனக்கா எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் எடுத்த ஆள் எல்லோ. உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சன்."

தெரிந்துகொண்டே என் தம்பியை அடிக்க விட்டிருப்பேன் என்று அவா நினைத்திருக்கிறா. நான் வெளியே வந்து, ஐந்து மாதம் முன்பு எடுத்திருக்க வேண்டிய போனை அன்றைக்கு எடுத்தேன். வவுனியா இல்லத்தின் பொறுப்பாளர் அம்மா அன்பாகத்தான் கதைத்தா.

"ஓம் தங்கச்சி, இஞ்சையும் அப்பிடித்தான். ஒரு ஐயாவின்ரை கை முறிஞ்சது. அதுக்குப் பிறகு நிப்பாட்டிப்போட்டம்."

"பிறகேன் பொறுமையானவர் எண்டு எழுதினனீங்கள்?"

"கடிதம் தராட்டி அசையமாட்டன் எண்டு நிண்டவர். மூண்டு பிள்ளையள். ஒருத்தற்ரை சோத்திலை நாங்கள் மண் போடக்கூடாது எல்லோ."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அம்மா?"

"நீங்கள் கேக்கேல்லையே தங்கச்சி."

போனை வைத்துவிட்டேன். பிறகு விசாரித்தால், 'ஆறு வருடங்களாக அறிவேன்' என்று எழுதிய கிராம சேவகர் அந்தப் பிரிவுக்கு வந்தே ஒரு வருடம்தான்.

அன்று பின்னேரமே நிர்வாகக் கூட்டம் கூட்டினேன். தலைவர் ஓய்வுபெற்ற அதிபர். எல்லோரும் மாஸ்ரர் என்று கூப்பிடுவார்கள். அவனை நிற்பாட்டுவதில் ஒருவருக்கும் மறுப்பு இல்லை. ஆனால் மாஸ்ரர் ஒரு கடிதத்தை முதலே தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். நேர்மையானவர், பொறுமையானவர். கீழே என் கையெழுத்துக்கும் இடம் விட்டிருந்தது.

"பிள்ளை, இதைப் பெருப்பிக்காதை. நிலையத்தின்ரை பேர் கெட்டுப்போம். நல்லபடியா அனுப்பிவிடுவம்."

"உங்கடை மகனை இவனிட்டை விடுவியளோ மாஸ்ரர்?"

"என்ரை மகன் கனடாவிலை எல்லோ இருக்கிறான்," என்றார். ஒருவர் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார்.

நான் கையெழுத்து வைக்கவில்லை. மாஸ்ரர் தனியாக வைத்து, முத்திரையும் குத்தினார். இப்போது அவனிடம் நாலு கடிதங்கள்.

தம்பியைக் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனேன்.

"அடிச்சதை ஆர் கண்டது?"

சமைக்கிற அக்கா வரமாட்டேன் என்றுவிட்டா.

"அப்ப அடிபட்டவரைச் சொல்லச் சொல்லுங்கோ."

"அவனுக்குக் கதை வராது."

"கதை வராட்டி நாங்கள் என்னத்தை எழுதுறது?"

முதுகைக் காட்டினேன். கடைசியில் முறைப்பாட்டைப் பதிந்து, அதன் இலக்கத்தை ஒரு துண்டில் எழுதித் தந்தார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவன் முல்லைத்தீவுக் கரைப்பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறான் என்று கேள்விப்பட்டேன். அடுத்தநாளே பஸ் ஏறினேன். இல்லத்துக்குப் பொறுப்பானவா என்னைவிட வயது கூடியவா. கதிரை போட்டுத் தந்து முழுவதையும் கேட்டா.

"கடிதத்திலை நல்லா எல்லோ எழுதிக்கிடக்கு. நீங்கள் சொல்லுறதை நான் எப்பிடி நம்புறது? நீங்கள் ஆர்? உங்களிட்டை ஏதும் கடிதம் இருக்கோ?"

இவ்வளவிலும் அத்தாட்சி காட்டச் சொல்லிக் கேட்கப்பட்ட ஒரே ஆள் நான்தான். பொலிஸ் துண்டை மேசையில் வைத்தேன். அவா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கும்போது அவன் ஒரு கிழவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான்.

"எப்ப வந்தனீங்கள் அக்கா? தம்பி சுகமோ?"

சிரித்துக்கொண்டு கேட்டான்.

அந்த அம்மா அவனைப் பார்க்காமல் கிழவரைக் கேட்டா, "ஐயா, இவர் உங்களுக்கு அடிக்கிறவரோ?"

கிழவருக்கு நன்றாகப் பேச்சு வரும். நான் வந்தபோது வாசலில் என்னிடம் பஸ் நேரம் விசாரித்தவர் அவர்தான். இப்போது நிலத்தைப் பார்த்தார். நாற்காலியின் கைப்பிடியை அவர் விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்தன.

அவா அதைக் கண்டா. "நீங்கள் இண்டையோடை வேலையை விட்டு நிண்டுகொள்ளுங்கோ," என்று அவனுக்குச் சொன்னா.

அவன் கோபப்படவில்லை. "சரி அம்மா. அப்ப ஒரு கடிதம் தாங்கோ," என்றான்.

அவா மேசை லாச்சியை இழுத்து ஒரு தாளை எடுத்தா! கிழவரின் விரல்களைக் கண்ட பிறகும், கேட்டவுடனே கை தானாகப் போகிறது. நான் எட்டி அந்தக் கையைப் பிடித்தேன்.

"எழுதுங்கோ அக்கா. ஆனா நான் சொல்லச் சொல்ல எழுதுங்கோ."

வயரைச் சொன்னேன். முறிந்த கையைச் சொன்னேன். தலையைப் பொத்திக்கொண்டு குந்தியதைச் சொன்னேன். அவன் இரண்டு வரி வரைக்கும் நின்று கேட்டான். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பழைய கடிதங்கள் அந்தப் பைக்குள்தான் இருந்திருக்கும்.

இப்போது எங்கே நிற்கிறான் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த இல்லங்களுக்கும் முன்பள்ளிகளுக்கும் போன் எடுத்துக்கொண்டிருக்கிறேன். சிலர் பெயரைக் குறித்துக்கொள்கிறார்கள். சிலர், "பாவம், பிள்ளை குட்டிக்காரன், விடுங்கோவன்," என்கிறார்கள். நான் அடுத்த இலக்கத்தைத் தேடுகிறேன்.