எச்சிக் கண்டக்டர்

பாளையங்கோட்டை எலியேசர் பஸ் கண்டக்டர். திருச்செந்தூர் போகிற வண்டியில் அவர் டிக்கெட் கிழிக்கிற வேகத்தை யாரும் குறை சொன்னதில்லை. ஆட்காட்டி விரல் நாக்கு நுனியைத் தொடும், கட்டிலிருந்து ஒரு டிக்கெட் பிரிந்து வரும், அதற்குள் கண் அடுத்த ஆளிடம் போயிருக்கும். நாக்கைத் தொட்டது அவருக்கே தெரியாது. ரூபாய் எண்ணுகிறவன், ஜவுளிக்கடையில் பில் புரட்டுகிறவன், வேதப்புத்தகத்தில் பக்கம் தள்ளுகிற போதகர் என்று ஊரில் எல்லோரும் செய்ததுதான். மாட்டிக்கொண்டது அவர் மட்டும்.

கொரோனா வந்து, ஊரடங்கு தளர்ந்து, பஸ் திரும்ப ஓட ஆரம்பித்தபோது முகக்கவசமும் ரப்பர் கையுறையும் கொடுத்தார்கள். எச்சில் தொடக் கூடாது என்று டிப்போ சுவரில் நோட்டீசும் ஒட்டினார்கள். கையுறை போட்ட விரலுக்கு டிக்கெட் பிரியவே இல்லை. இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே விரல்கள் வியர்வையில் நொசநொசத்தன. கருங்குளத்தில் ஆட்கள் ஏறினார்கள். எலியேசர் கையுறையைக் கழற்றிப் பையில் திணித்தார், முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினார், விரல் பழைய இடத்துக்குப் போய்வந்தது.

முன்னிருக்கையில் இருந்த ஸ்ரீராகவ் அதைப் போனில் எடுத்துக்கொண்டிருந்தான். ஆழ்வார்திருநகரிக்காரன். பெங்களூர்க் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவன். கல்லூரிக்குப் போன காலத்தில் இதே எலியேசரிடம் புத்தகப்பையைக் கொடுத்துவிட்டுப் படியில் தொங்கியவன்.

“என்ன தம்பி, படம் எடுக்கியளா?”

“தப்பா எடுத்துக்காதீங்க அண்ணாச்சி. ஒங்க மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. நாலு பேருக்குத் தெரியணும்லா, அதுக்குத்தான்.”

பொதுநலம் பேசிய அந்த வாயை மூட வேண்டிய முகக்கவசமும் தாடையில்தான் கிடந்தது. அதைப் படம் எடுக்க ஆளில்லை.

வண்டி திருச்செந்தூர் சேருமுன் வீடியோ டிப்போ மேனேஜரின் போனுக்குச் சேர்ந்துவிட்டது. பாட்டு வேறு கோத்து, ‘எச்சிக் கண்டக்டர்’ என்று பெயரும் சூட்டியிருந்தார்கள். விசாரணைக்கு டிரைவர் எஸ்றாவைக் கூப்பிட்டார்கள். எஸ்றாவும் எலியேசரும் ஒரே வண்டி, ஒரே சபை. மத்தியானம் ஒரே தூக்குச்சட்டி மூடியில் சோற்றைப் பிசைந்து தின்றவர்கள்.

“நான் ரோட்டப் பாத்து ஓட்டுதவன் சார். பின்னால நடந்தது எனக்கு எப்படித் தெரியும்?” என்றான் எஸ்றா.

பொய்யில்லைதான். ஆனால் கையுறை போட்டால் டிக்கெட் பிரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எலியேசரைச் சஸ்பெண்ட் செய்து அனுப்பினார்கள்.

சில மாதங்களில் வேலை திரும்பக் கிடைத்தது. பெயர்தான் கிடைக்கவில்லை. அவர் கையை நீட்டினால் சில்லறையை இருக்கையில் வைத்தார்கள். டிக்கெட்டை முந்தானையால் வாங்கினார்கள். ஒரு அம்மாள் டிக்கெட்டுக்குக் கிருமிநாசினி தெளித்து, அது நைந்து போய், அவரிடமே வேறு டிக்கெட் கேட்டாள். எலியேசர் ஈரப்பஞ்சு டப்பாவைப் பையில் கட்டித் தொங்கவிட்டு, எல்லோரும் பார்க்கும்படி விரலை அதில் அழுத்தி அழுத்திக் காட்டினார். யார் பார்த்தார்கள்? எஸ்றாவும் இப்போது டிரைவர் இருக்கையிலேயே தனியாகச் சாப்பிட்டான்.

“தொண்ட கரகரன்னு இருக்கு வே. ஒமக்கு ஒட்டிறக் கூடாதுல்லா.”

அந்தத் தொண்டை அதன்பிறகு குணமாகவே இல்லை.

“எங் கையிலருந்து ஒருத்தன் மொகஞ்சுளிக்காம ஒரு பொருள வாங்கணும் தேவமணி. எனக்கு அது போதும்” என்றார் மனைவியிடம்.

“ஊரு மறந்துரும். நீங்கதான் மறக்க மாட்டேங்கிய” என்றாள் அவள்.

ஊர் நோயை மறந்தது. முகக்கவசம் போய், ஜனங்கள் பழையபடி ஒருவர் முதுகில் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டு நின்றார்கள். டிக்கெட் அடிக்கிற மிஷின் வந்தது. பொத்தானை அழுத்தினால் டிக்கெட் தானே நீளும்; போனைக் காட்டினால் காசும் போய்விடும். எலியேசருக்கு மனசு குளிர்ந்தது.

“மிஷினுக்கு நாக்கு கெடையாது. இனிமே எவன் என்ன சொல்லுவான்?”

யாரும் அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் போனை நீட்டிவிட்டுப் போனார்கள். அதையே மரியாதை என்று நினைத்துக்கொண்டார், பாவம். ஒருநாள் மிஷின் மக்கர் செய்ய, பழைய டிக்கெட் கட்டை எடுத்தார். பின்னாலிருந்து ஒருவன், “எச்சிக் கண்டக்டரே, நாக்க நீட்டும் வே!” என்றான். பஸ்ஸே சிரித்தது. டிரைவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் எஸ்றா சிரிப்பதும் தெரிந்தது.

நோய்க்காலத்தில் சபையில் திருவிருந்துக்கு ஆளுக்கொரு குட்டிக் கிண்ணம் வைத்திருந்தார்கள். அதை நிறுத்திவிட்டுப் பழையபடி ஒரே பாத்திரத்தில் எல்லோரும் திராட்சரசம் அருந்தலாம் என்று அறிவித்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை எலியேசர் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார். பீடத்தின் முன் முழங்காலிட்டபோது, எஸ்றா வந்து அவருக்கு வலப்பக்கம் முழங்காலிட்டான். வேறு இடம் இருந்தும் பக்கத்தில் வந்தானே என்று எலியேசருக்குக் கண் கலங்கிவிட்டது.

போதகர் பாத்திரத்தை அவர் உதட்டில் சரித்தார். ரசம் அன்று ஒரே புளிப்பு, பல் கூசியது. போதகர் விளிம்பைத் துணியால் துடைத்து, பாத்திரத்தைச் சற்றுத் திருப்பி, எஸ்றாவிடம் நீட்டினார். எஸ்றா முகத்தை உயர்த்தினான். உதடுகள் இறுக மூடியிருந்தன. பாத்திரம் சரிந்தது, நிமிர்ந்தது. அவன் தொண்டை அசையவில்லை. எலியேசர் அதைப் பார்த்துவிட்டார். எஸ்றாவுக்கு அடுத்தவர் ஒன்றும் அறியாமல் குடித்தார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் எஸ்றாவே பேச்சுக் கொடுத்தான். எங்கோ பார்த்துக்கொண்டு, சிரித்தபடி கேட்டான்.

“இன்னைக்கு ரசம் நல்ல இனிப்புல்லா வே?”

அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது எலியேசருக்கு. அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும் போலவும் இருந்தது. ஆனால் விடிந்தால் அவனோடுதான் வண்டியில் போயாக வேண்டும்.

“ஆமா வே,” என்றார். “நல்ல இனிப்பு.”