தட்டச்சு உதவி

பழிவாங்கியதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. யுத்தம் கடைசிக் கட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்த காலம். கண்டியில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில், இரண்டு கணினிகளும் மூன்று கதிரைகளும் மட்டுமே இருந்த அலுவலகத்தில் வேலை செய்தேன். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். எனக்கு மேலே இருந்தவர் ஒரே ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், பட்டதாரி. நான் அவரை சேர் என்பேன், அவர் என்னைப் பிள்ளை என்பார்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது கணினியில் ஓடும் ஒரு செய்தி அனுப்பும் புரோகிராம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு தாய் தகப்பன் தமிழிலேயே எழுதிப் பேசலாம் என்பது யோசனை. அடிப்படை நிரல் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. அதற்குள் தமிழைப் புகுத்துவது என் தலையில் விழுந்தது. எழுதிய ஒவ்வொரு கோப்பையும் கணினிக்குப் புரியும் மொழியாக்குவது கம்பைல். அப்படி ஆக்கிய துண்டுகளை ஒரே புரோகிராமாகக் கட்டுவது லிங்க். கம்பைல் ஒழுங்காக முடியும். லிங்க் என்று வரும்போது, தமிழ் எழுத்தைத் திரையில் வரையும் லைப்ரரி என்ற துணை ஃபைலைக் காணவில்லை என்று வரிவரியாக எரர் கொட்டும். மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். சேர் எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளை, இன்னும் சரிவரேல்லையோ?" என்று கேட்டுவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு எரரும் இல்லாமல் லிங்க் முடிந்தது. 'கொழுந்து' என்று தட்டிப் பார்த்தேன். கொம்பும் புள்ளியும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. சந்தோஷத்தில் கதிரையை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

கொழும்பில் ஒரு நிறுவனம் அதைப் பார்க்கக் கேட்டிருந்தது. பிடித்துப்போனால் செய்த ஆளையே வேலைக்கு எடுப்பார்கள் என்று பேச்சு. அந்த வேலை எனக்கு வேண்டும். வீட்டாரைக் கூட்டிக்கொண்டு லயத்தை விட்டு வெளியேற எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். சேரும் என்னை அழைத்துப் போவதாகத்தான் சொல்லியிருந்தார். போவதற்கு முதல் நாள் காலையில், "நீ வரவேண்டாம் பிள்ளை. வழியெல்லாம் செக்கிங். பொம்பிளைப் பிள்ளையைக் கொண்டுபோய்க் கரைச்சல் படேலாது" என்றார். சரி, போகட்டும் என்று புரோகிராமைத் திறந்தேன். 'எங்களைப் பற்றி' என்ற பொத்தானை அமுக்கினால் ஒரு பெட்டி வரும். அதில் ஆக்கம் என்று அவர் பெயர், பட்டத்தோடு. கீழே சின்ன எழுத்தில் என் பெயர். பக்கத்தில், தட்டச்சு உதவி.

தட்டச்சு உதவி! ஏனென்று கேட்டால் ஏதாவது சமாதானம் சொல்லுவார், எனக்குச் சமாதானம் வேண்டியிருக்கவில்லை.

லிங்க் செய்ய இரண்டு வழி உண்டு. லைப்ரரியைப் புரோகிராமுக்குள்ளேயே சேர்த்துக் கட்டலாம். எந்தக் கணினியிலும் ஓடும். அல்லது வெளியே விட்டுவிடலாம்; அப்போது அந்த லைப்ரரி இருக்கிற கணினியில் மட்டும்தான் ஓடும். அன்று பின்னேரம் இரண்டாவது வழியில் திரும்பக் கட்டினேன். எங்கள் கணினியில் லைப்ரரி இருந்ததால், சேர் ஓட்டிப் பார்த்தபோது ஜோராக ஓடியது. சோதனைச்சாவடிகளில் கணினியைத் தூக்கிக்கொண்டு போனால் ஆயிரம் கேள்வி வரும். அதனால் புரோகிராமை மட்டும் ஒரு சீடியில் பதிந்துகொண்டார். உறையில் போட்டு அவர் கையில் கொடுத்தவளே நான்தான்.

மறுநாள் காலை நான் பஸ்ஸில் பக்கத்து ஊரான கம்பளைக்குப் போய் ஒரு கடைக்காரரின் கணினியைப் பார்த்துவர வேண்டும். கிளம்பவே இல்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். பதினொரு மணிக்கு அடித்தது.

"பிள்ளை, ஏதோ ஃபைல் ஒண்டு இல்லையெண்டு காட்டுது. எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம். என்ன செய்யிறது?"

அந்த ஃபைல் என் முன்னால்தான் இருந்தது. ஈமெயிலில் அனுப்ப ஐந்து நிமிடம் போதும். நான் எழுந்து ஜன்னலோரம் போனேன். கீழே பஸ்கள் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன. அந்த நாட்களில் பஸ்ஸில் போன் வந்தால் நாங்கள் தமிழில் பேசமாட்டோம். இரண்டு வார்த்தை பேசினாலே முழு பஸ்ஸும் திரும்பிப் பார்க்கும். குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"சேர், நான் பஸ்ல இருக்கேன். பேச முடியாது."

கெஞ்சுவார் என்று காத்திருந்தேன். அதைக் கேட்க எனக்கு அவ்வளவு ஆசை.

"ஐயோ, பஸ்ஸிலையோ? அப்ப தமிழிலை கதையாதை பிள்ளை. வை, வை. இதை நான் பாத்துக்கொள்ளுறன்."

அவரே வைத்துவிட்டார். பிறகு திரும்ப அழைக்கவும் இல்லை.

அடுத்த நாள் அவர் வரும்போது நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். சொல்ல வேண்டியதையெல்லாம் பஸ்ஸில் வரும்போதே மனதுக்குள் சொல்லிப் பார்த்தாயிற்று. அவர் சீடியை மேசையில் வைத்தார். அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்களாம். அந்த வேலை அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. இன்றைக்கும் நான் அதற்காக வருந்தவில்லை. திரும்ப நடந்தாலும் லைப்ரரியை வெளியேதான் விடுவேன்.

அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "நேற்று பஸ்ஸிலை ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையே, பிள்ளை?"

"இல்ல சேர்" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதற்கும் அவர்மேல்தான் ஆத்திரம் வந்தது.