மூன்று வருடக் காதுவலி

தூணுக்குப் பின்னால் இருக்கும் மேசைதான் குணாளனுக்கு வேண்டும். செடெனாக் ஊரில், கிருஷ்ணம்மாவின் சாப்பாட்டுக் கடைக்கு ஞாயிறு காலை வந்தால், முதலில் மகள் லோஷினியைச் சுவரைப் பார்த்து உட்கார வைப்பார். நாற்காலி நகராதபடி அதன் காலில் தன் காலைக் கோத்துக்கொள்வார். அதற்குப் பிறகுதான் தோசை.

ஏழு வயது லோஷினி கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பாள். வாசலில் மாஸ்டர் செல்லப்பன், பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய்க்கு மாவை வீசி விரிப்பதை அவள் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் கைகளை உதறிக் குதிப்பாள். கடையே திரும்பிப் பார்க்கும். அதுதான் குணாளனின் பயம்.

தொழிற்சாலையில் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். இரண்டு டன் சுமையை விரற்கடை இடைவெளியில் நுழைத்துவிடுவார். மகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் அதே லாவகத்தில் பதில் வைத்திருந்தார். கோயிலில் கத்தினால் பசி. கல்யாண வீட்டில் மேசைக்கடியில் புகுந்தால் தூக்கக் கலக்கம். ஜூஸ் மிஷின் சத்தத்துக்குக் காதைப் பொத்தினால் காதுவலி. ஆட்டிசம் என்று மருத்துவர் சொல்லி மூன்று வருடமாகிறது. அந்தச் சொல் அவர் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை.

"இன்னும் எத்தன வருஷத்துக்குங்க காதுவலி?" என்பார் மனைவி பிரவீனா.

"ஊரு வாய்க்கு நீ பதில் சொல்றியா?"

ஊர்ப் பேச்சு படாமல் மகளுக்குக் குடை பிடிப்பதாகத்தான் நினைத்திருந்தார்.

போன ஞாயிறு ஜூஸ் மிஷின் ஓடியது. லோஷினி காதைப் பொத்தினாள். கிருஷ்ணம்மா சின்னக் கிண்ணத்தோடு வந்தார்.

"அலமாக், இன்னுமா சரியாவல? பூண்டு எண்ணெ காய்ச்சி வச்சிருக்கேன் தம்பி. ரெண்டு சொட்டு விட்டா போதும் லா."

குணாளன் வாய் திறப்பதற்குள் கிருஷ்ணம்மா பிள்ளையின் கையை விலக்கிக் காதைத் தொட்டுவிட்டார். லோஷினி அலறினாள். நெற்றி மேசை விளிம்பில் மோதியது. கிண்ணம் உருண்டது.

"வலி ரொம்ப போல. கிளினிக்குக்குக் கொண்டு போலாமே?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

குணாளன் மகளின் நெற்றியைப் பார்த்தார். சிவந்து வீங்கியிருந்தது.

"காதுவலி இல்லக்கா. எம்மகளுக்கு ஆட்டிசம். சத்தம் தாங்க மாட்டா. சட்டுனு தொட்டா பயந்துருவா. நாந்தான் பொய் சொன்னேன்."

"அய்யோ தம்பி, யாரு விட்ட சாபமோ..."

"சாபமெல்லாம் இல்லக்கா. மொதல்ல அந்த மிஷின நிப்பாட்டுங்க."

கிருஷ்ணம்மா எண்ணெய் விரலோடு ஓடிப்போய் நிறுத்தினார்.

"அக்கா, என் ஆப்பிள் ஜூஸு?" என்றது ஒரு குரல்.

"பாதி அரைஞ்சிருக்கு. மென்னு குடி."

கடை அடங்கியது. லோஷினி ஒரு கையை மட்டும் காதிலிருந்து எடுத்தாள். கழுத்து மெல்ல வாசல் பக்கம் திரும்பியது.

குணாளன் தன் காலை விலக்கிக்கொண்டார். குனிந்து, மகளோடு நாற்காலியைத் தூக்கி, செல்லப்பனைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.