ஒன்பதாயிரத்து முந்நூறு ஃபான்ட்

என் பெயர் ஸ்தனிஸ்லாஸ். திருச்சி புத்தூரில், ஆஸ்பத்திரிகளுக்கு நடுவே டிசைன் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, சமயபுரம் பாதயாத்திரை, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் ஃப்ளெக்ஸை டிசைன் செய்து பிரஸ்ஸுக்கு அனுப்புவேன். என் கம்ப்யூட்டரில் ஒன்பதாயிரம் ஃபான்ட் இருந்தன. நான் பயன்படுத்துவது நான்கு.

மீதியை அழிக்க மனம் வராது. என்றாவது ஒருவர் பழைய ஃபைலோடு வந்து, அந்த ஃபான்ட் இல்லாமல் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தால்? பதினெட்டு வருடத்தில் அப்படி வந்தவர்கள் இரண்டு பேர். டிசைன் சாஃப்ட்வேரோ அத்தனை ஃபான்ட்டையும் படித்து முடித்துத்தான் திறக்கும். அதனால் காலையில் திறந்தால் கடை சாத்தும்வரை மூடமாட்டேன்.

போன வாரம் ஒருவர் பென்டிரைவில் முந்நூறு புது ஃபான்ட் கொடுத்தார். விடுவேனா? எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டேன். அந்த நேரம் பார்த்து ஆசீர் வந்து நின்றான். பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சு. கண்கள் சிவந்திருந்தன.

"அப்பா போயிட்டாருடா. நாலு மணிக்கு சர்ச்சுக்கு எடுக்கறோம். அதுக்குள்ள வாசல்ல ஒரு ஃப்ளெக்ஸ் வைக்கணும்."

மணி ஒன்றரை. எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்த மனிதர் அவர். "உக்காருடா, பத்து நிமிஷம்" என்றேன்.

பத்து நிமிடம் முப்பதானது. ஆசீர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "ஒன்பதாயிரத்து முந்நூறு ஃபான்ட்டுடா" என்றேன், பெருமையாக. சொல்லி முடிப்பதற்குள் திரை அப்படியே நின்றுவிட்டது. அணைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி பிரான்சி எங்கள் இருவரையும் பார்த்தாள். ஆசீரிடம் போட்டோவை வாங்கி, தன் போனில் இருந்த ஒரே தமிழ் ஃபான்ட்டில் பெயரையும் தேதியையும் அடித்து, பிரஸ்ஸுக்கு அனுப்பிவிட்டாள். ஐந்தே நிமிடம்.

மூன்றரைக்கு ஃப்ளெக்ஸ் ஆசீர் வீட்டு வாசலில் நின்றது. வந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்து அழுதார்கள். எழுத்தை உற்றுப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அழுகையோடு வெட்கமும் சேர்ந்து வந்தது.

மறுநாள் ஃபான்ட்டுகளை அழிக்க உட்கார்ந்தேன். ஒவ்வொன்றை வைத்துக்கொள்ளவும் ஒரு காரணம் கிடைத்தது. மதியத்துக்குள் பதினொன்றுதான் போயிருந்தது. பிரான்சி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, உங்க அஞ்சலியையும் நான் போன்லயே போட்டுக்கறேன். இந்தக் கம்ப்யூட்டரை நம்பினா பாடி தாங்காது."

பன்னிரண்டாவதை அழித்தேன்.