அமெரிக்க மச்சினன் வாங்கிக் கொடுத்த பெயர்

கண்ணுக்குத் தெரியாத மனையைப் பிளாட் போட்டு விற்பதுதான் என் தொழிலாக இருந்தது. நல்ல இணையப் பெயராக ஒன்றை வாங்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு புள்ளி வைத்து, லாட்ஜ்காரர், சமையல்காரர் என்று ஒவ்வொருவர் பெயரையும் ஒட்டி ஆண்டுக் கட்டணத்துக்கு விட வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில் இதை விளக்கியே எனக்குத் தொண்டை வற்றியது. சொந்தக்காரரை நம்பிக் கடை திறந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள். நம் கதை ஒன்றுதான்.

நேபாளம்

வெள்ளைக்காரன் வாயில் சுலபமாக நுழையும் ஒரு சின்னப் பெயர் யாரும் எடுக்காமல் கிடந்தது. அதுதான் மூலப் பெயர். அது கைக்கு வந்தால் கடை உண்டு, வராவிட்டால் இல்லை. பெயர்களைப் பதிந்து விற்கும் கம்பெனி அமெரிக்காவில் இருந்துகொண்டு டாலர் கேட்டது. கிரெடிட் கார்டை எடுத்துக்கொண்டு பேங்குக்கு ஓடினேன். அங்கிருந்த அதிகாரி கார்டைத் திருப்பி, இது இந்தியாவிலும் நேபாளத்திலும் மட்டுமே செல்லும் என்ற வரியைத் தொட்டுக் காட்டினார். நான் நகராமல் நின்றதைப் பார்த்து அவருக்கே இரக்கம் வந்துவிட்டது.

"நேபாளத்துல ஏதாவது பேரு கிடைக்குமான்னு விசாரிச்சுப் பாருங்க சாரே."

மச்சினன்

என் மனைவி ரோசிலியின் தம்பி ஜெபராஜ் அப்போது அமெரிக்காவில் வேலையில் இருந்தான். நான் பணம் அனுப்ப, அவன் தன் கார்டில் அந்தப் பெயரை வாங்கினான். கார்டு யாருடையதோ, உரிமையாளர் என்ற இடத்திலும் அவன் பெயரே ஏறிக்கொண்டது. அன்றைக்கு எங்கள் பக்கத்தில் பலரும் இப்படித்தான் வாங்கினார்கள். அமெரிக்காவில் ஒரு மச்சினன் இல்லாதவன் இணையத்தில் கால் வைக்க முடியாது. கடை சூடு பிடித்த பிறகு, என் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிடு என்று போனில் கேட்டேன். அவன் சிரித்த சிரிப்பில் எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது.

"என்ன அத்தான், அக்கா வீட்டுச் சாமானை நான் தூக்கிட்டா போயிருவேன்?"

திறப்பு விழா

பஸ் ஸ்டாண்ட் இருக்கிற தம்பானூரில் ஒரு லாட்ஜ் முதலாளி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஹோட்டலில் மேசை துடைத்து மேலே வந்தவர். இணைய முகவரி வாங்கியதும் திறப்பு விழா வைத்தார். மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு, சாமந்தி மாலை, குறுக்கே சிவப்பு ரிப்பன். கவுன்சிலர் கத்திரியோடு நிற்கிறார். மோடம் கீச்சுக் கீச்சென்று கத்துகிறதே தவிர லைன் கிடைக்கவில்லை. வந்தவர்கள் கேசரியைத் தின்றுவிட்டுப் போய்விட்டார்கள். முதலாளி என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்க் காதோடு கேட்டார்.

"வாங்குன சாமான் இந்தப் பெட்டிக்குள்ளதானே இருக்கு? ஒரு தடவை தொறந்து காட்டிருங்க, மனசு சமாதானமாயிரும்."

ராகு காலம்

வலியசாலை அக்ரகாரத்தில் அண்ணன் தம்பி இருவர், இரண்டு பேரும் கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர்கள். அப்பா பெயர்தான் இருவருக்கும் தொழில் பெயர். பாகம் பிரிந்து பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. தம்பி முதலில் வந்தார். அப்பா பெயர் கிடைக்கும் என்றதும் அவருக்குக் கண் கலங்கியது. ராகு காலம் முடியட்டும் என்று எதிர்க்கடையில் போய் உட்கார்ந்தார். அந்த நேரத்தில் அண்ணன் பின்பக்கப் படி வழியாக வந்து, அதே பெயரைக் கேட்டு, பணத்தையும் கட்டிவிட்டார். முந்தி வந்து கட்டுபவருக்கே பெயர் என்பது என் சட்டம். நல்ல நேரம் பிறந்ததும் வெற்றிலை பாக்கோடு படியேறி வந்த தம்பியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் வெற்றிலை பாக்கை என் மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"ராகு காலத்துல வாங்கிண்டு போனவனுக்கு ஒரு தும்மல்கூட வரலையே ஓய், அப்புறம் எதுக்கு நாமெல்லாம் பஞ்சாங்கம் பாக்கறோம்?"

தபால்

ஸ்டெல்லா குளச்சலில் பிறந்து விழிஞ்ஞத்தில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் கடலுக்குப் போய்த் திரும்பாததால் வீட்டு மாடியில் இரண்டு அறை கட்டி வெளிநாட்டுக்காரர்களுக்கு விட்டார். இரண்டு பிள்ளைகள் படிப்பும் அந்த அறைகளை நம்பித்தான். என்னிடம் ஒரு பெயர் வாங்கினாரே தவிர அவரிடம் கம்ப்யூட்டர் கிடையாது. அந்த முகவரிக்கு வரும் மின்னஞ்சலை நானே அச்செடுத்து, பஸ் ஏறிக் கொண்டுபோய், தமிழில் படித்தும் காட்டுவேன். லாபம் பார்த்தால் இப்படித் தொழில் செய்ய முடியாது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், நான் சந்தோஷமாகச் செய்த வேலை இது ஒன்றுதான்.

"தபால்காரன் வந்தா கொரைக்கிற நாயி, நீங்க வந்தா வால ஆட்டுது பாத்தீங்களா?"

விற்பனை

ஒரு நாள் காலையில் என் வாடிக்கையாளர்கள் எல்லோருடைய பக்கமும் ஒன்றுபோல மறைந்து, சூதாட்ட விளம்பரம் வந்து நின்றது. மூலப் பெயரை ஜெபராஜ் யாரோ ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டான். மூலம் போனதும் அதன் கீழ் இருந்த அத்தனை பெயரும் போயிற்று. போனில் கத்தினேன், கெஞ்சினேன். கடைசியில் அழவும் அழுதேன். உரிமையாளர் தான்தான், தடுக்க யாருக்கும் வழியில்லை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னான். ரோசிலி ரிசீவரைப் பிடுங்கித் தம்பியைத் திட்டத் தொடங்கினாள். பாதியிலேயே அதை என்னிடமே நீட்டிவிட்டாள். கை மாறியது தெரியாமல் அவன் இன்னும் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"அத்தானுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் அக்கா, பிசினஸ்தான் வரல்ல."

விழிஞ்ஞம்

மற்றவர்கள் கடைக்கு வந்து திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். ஸ்டெல்லாவிடம் மட்டும் நானே போய்ச் சொன்னேன். வேறு முகவரி செய்து தருகிறேன், பைசா வேண்டாம் என்றேன். ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு வருகிற ஜெர்மன்காரர்கள் பழைய முகவரிக்குத்தானே எழுதுவார்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர்கள் எழுதினால் யாருக்குப் போகும் என்றார். யாருக்கும் போகாது என்றேன். என் மச்சினன் செய்த துரோகம் இது, நான் என்ன செய்யட்டும் என்று ஜெபராஜின் கதையை ஆதியிலிருந்து சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு எழுந்து, வழக்கம்போல எனக்குப் பால் விடாத கட்டன்சாயா கொண்டுவந்து வைத்தார்.

"ஜெபராஜ் யாருன்னே எனக்குத் தெரியாது சாரே. நான் உங்க முகத்தைப் பாத்துல்லா வாங்குனேன்."

இன்றைக்கு நான் தம்பானூரில் பஸ் டிக்கெட் புக் செய்து கொடுக்கிறேன். கடைப் பலகையில் இருக்கும் பெயரை அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு எந்த மச்சினனும் கழற்ற முடியாது, ஏணி என்னிடம் இருக்கிறது.