ஊர்த்தண்ணீர்க் கறை

தர்மபுரிப் பக்கத்து போர்வெல் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பாலகுருவுக்குப் பல்லெல்லாம் பழுப்புக் கறை. துபாய்க்கு வந்து அல் கூஸ் தொழிலாளர் கேம்பில் தங்கியும் வாயைப் பொத்தித்தான் சிரிப்பான். பக்கத்து ஊர் ஜோதிமணியை அம்மா அவனுக்கு நிச்சயம் செய்திருந்தாள். உதட்டைத் திறக்காமல் நின்ற அவள் போட்டோவைப் பார்த்து, அடக்கமான பெண் என்று பூரித்துப்போனான். அவளைக் கம்ப்யூட்டரில் பார்த்துப் பேசும் நாள் நெருங்கியதும் இருப்புக்கொள்ளாமல் பல் டாக்டரிடம் ஓடினான்.

நாற்காலியில் சாய்ந்தும் கால் ஆடிக்கொண்டே இருந்தது. டாக்டர் கறையைத் தேய்த்து, மருந்தைப் பூசி, நீல விளக்கை வாய்க்கு நேராக நிறுத்தினார். பல் சுரீர் சுரீரென்று கூசியது.

"ஆடாம இருப்பா! ரெண்டு நாளைக்கு டீ குடிக்காதே, கறை பிடிச்சுக்கும்," என்றார் டாக்டர்.

டீ இல்லாமல் தலைவலி மண்டையைப் பிளந்தது. பஸ் கண்ணாடி, சாப்பாட்டுத் தட்டு, எதைக் கண்டாலும் பல்லைக் காட்டிப் பார்த்துக்கொண்டான்.

"பார்த்துப் பார்த்தே பல்லு தேஞ்சிடப் போவுது, விட்றா!" என்று கத்தினார் ரூமில் இருந்த உடையப்பன் அண்ணன்.

வெள்ளிக்கிழமை இன்டர்நெட் கடைத் திரையில் ஜோதிமணி தெரிந்தாள். பாலகுரு இத்தனை வருஷம் அடக்கிவைத்த சிரிப்பையெல்லாம் சேர்த்துப் பல் மொத்தமும் தெரியச் சிரித்தான்.

பதிலுக்குச் சிரிக்க வந்தவள், அவன் வெளுத்த பல்லைக் கண்டதும் சட்டென்று வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அதற்குள் அவன் பார்த்துவிட்டான்: அதே தண்ணீர், அதே பழுப்பு.

அவன் கையும் பழைய பழக்கத்தில் தானாக வாய்க்குப் போனது.